நான் நிறுத்திவைத்த தமிழ்ச் சோதனை

பச்சை நிறம் வரவேண்டும் என்பதற்காக நான் ஏமாற்றினேன். ஆம், தெரிந்தேதான் செய்தேன்!

நிவித்திகலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். இரத்தினபுரியில் கைபேசிச் செயலிகள் செய்யும் சிறு குழுவில் வேலை. மண்சரிவு அபாயத்தை இலங்கையின் மூன்று மொழிகளிலும் எச்சரிக்கும் செயலி ஒன்றை உருவாக்கினோம். நிரலில் யார் எதை மாற்றினாலும் கணினி தானாகவே முழுவதையும் சோதிக்கும். தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. பச்சை வந்தால்தான் புதிய பதிப்பு மக்களிடம் போகும். அந்த ஏற்பாட்டை அமைத்தவளே நான்.

செயலியைப் பார்வையிட ஆட்கள் வரவிருந்த காலையில் சிவப்பு எரிந்தது. தமிழ் எச்சரிக்கை திரையில் தோன்றவில்லை. தமிழ்! என் அம்மா வாசிக்கும் ஒரே மொழி... பிழையைத் தேடப் பொறுமையில்லை. தமிழ்ச் சோதனையை மட்டும் நிறுத்திவைத்தேன். உடனே பச்சை! வந்தவர்கள் கைதட்டினார்கள்.

பிறகு மறந்துவிட்டேனா? இல்லை, தள்ளிப்போட்டேன். இரண்டும் ஒன்றல்ல என்று உங்களுக்கும் தெரியும்.

மழை பிடித்தது. எங்கள் தோட்டத்துக்கே எச்சரிக்கை போனது. கீழே இருந்த சிங்களக் குடும்பங்கள் வாசித்துவிட்டுக் கிளம்பின. தமிழ்த் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்திலும் கைபேசிகள் ஒலித்தன. திரையில் வெறும் வெள்ளை. எங்கள் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா சோற்றை அடுப்பில் ஏற்றினாள். கீழ்வீட்டுச் சிங்களப் பெண் ஓடிவந்து, "துவன்ன! துவன்ன!" என்று ஓடச்சொல்லிக் கத்திய பிறகே லயம் ஓடத் தொடங்கியது. என் அம்மா உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் மண் சரிந்து, கடைசியாக வந்த புஷ்பம் அக்காவின் காலில் சுவர் விழுந்தது.

"என்னமோ வந்துச்சு, ஆனா எழுத்தே இல்லம்மா. என் போனு பழசுதானே," என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

"ஆமாக்கா," என்றேன். எப்படி என் வாய் அதைச் சொன்னது!

மறுநாள் சக ஊழியர் ரிஸ்வானிடம் அழுதுகொண்டே சொன்னேன். மாவனல்லைக்காரர், நிதானமானவர். "பிழைய திருத்துறது லேசு. இனி யாருக்கும் தனியா நிப்பாட்ட ஏலாம செய்வோம்," என்றார். குழுவினர் அனைவரிடமும் நானே சொன்னேன். பிழையைத் திருத்தினோம். எந்தச் சோதனையையும் இப்போது ஒருவர் மட்டும் நிறுத்த முடியாது.

அக்காவிடம் சொல்ல மட்டும் மாதங்கள் ஆயின... கேட்டுவிட்டுத் தன் காலை நீவிக்கொண்டாள்.

"மறுபடியும் நிப்பாட்டுவியா?"

"நான் நெனச்சாலும் முடியாதுக்கா."

"அப்ப அடுத்த மழைக்கு வருமா?"

"வரும்க்கா."

வந்தது. தமிழில், முழுதாக! அன்று நானும் லயத்தில் இருந்தேன். மண் அசைவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறினார்கள். எனக்கு ஆனந்தமாக இருந்தது, மறைக்கவில்லை.

அக்கா என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வழியில் நின்ற ஒரு குழந்தையைக் காட்டி, "நிக்காத, அந்தப் புள்ளையத் தூக்கு," என்றாள். தூக்கிக்கொண்டு ஏறினேன். என் பின்னால், ஒவ்வொரு படியிலும் அவள் நின்று மூச்சு வாங்குவது கேட்டுக்கொண்டே இருந்தது...