பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி

மகளின் ஐஸ் ஹொக்கி ஆட்டத்தில் பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண் பிளாஸ்க்கைத் திறந்தாள். இஞ்சித் தேத்தண்ணி வாசனை குளிரில் பரவியதும் எனக்கு மறுபடி பதினான்கு வயதாகிவிட்டது.

எண்பதுகளின் கடைசி. ஹொக்கி கிளப் ஒன்றுக்காக நான் ஆடிய முதல் ஆட்டம். ஒருவனை இடித்து விழுத்தியதற்காக நடுவர் என்னை இரண்டு நிமிடம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தார். அது தண்டனை என்று அம்மாவுக்குத் தெரியாது. களைத்த பிள்ளையை இளைப்பாற விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, சேலைக்கு மேல் அப்பாவின் கோட்டோடு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, சூடாக் கிடக்கு. ஒரு வாய் குடியடா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கூண்டின் கதவருகே காவலுக்கு நின்ற வெள்ளைக்காரர், "உன் அம்மாவா?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா கேட்டார். "தம்பி தேத்தண்ணி குடிச்சவனோ?"

"ஓம், முழுக்கக் குடிச்சவன்" என்றார் அம்மா. பிறகு குசினிக்குப் போய், நிறைந்திருந்த பிளாஸ்க்கைச் சத்தம் வராமல் தொட்டிக்குள் கவிழ்த்தார். அதன்பின் எந்த ஆட்டத்துக்கும் அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

"அண்ணை, கொஞ்சம் குடிக்கிறீங்களோ?" பக்கத்துப் பெண் கோப்பையை நீட்டினாள்.

வாங்கக் கை கூசியது.