படத்தின் வலது ஓரம்

படக்காரரை அவருடைய தங்கை வீட்டில்தான் அறிந்தேன். தங்கையின் கணவருக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அவரைப் புரட்டிப் படுக்கவைக்க, துடைத்துவிட, நடக்கப் பழக்க என்னை வேலைக்கு வைத்தவர் படக்காரர்.

இருபத்திரண்டு வருடமாகத் திமிங்கிலம், கடல்நாய், கடற்பறவை என்று படமெடுத்துப் பிழைத்தவர். மற்றவர்கள் கரைக்குத் திரும்பும் காற்றில்தான் இவர் கிளம்புவார். கேமராவை மார்போடு கட்டிக்கொண்டு, வாந்தி எடுத்தபடியே படமும் எடுப்பார். விரலெல்லாம் உப்பு வெடிப்பு. களிம்பு போட்டுவிட்டால் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

படகை ஓட்டியவர் தங்கையின் கணவர். இருவருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஓட்டுபவர் முன்னால் பார்ப்பார். படக்காரர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பெரிய அலை எழுந்தால் "வருது" என்று கத்த வேண்டும். உடனே படகை அலைக்கு நேராகத் திருப்பிக்கொள்ளலாம்.

இடுப்பு முறிந்த அன்று அவர் கத்தவில்லை; அலை பக்கவாட்டில் அடித்து, ஓட்டியவரைத் தூக்கி எறிந்தது. "திடீர்னு வந்துச்சு, பாக்கவே இல்ல" என்று எல்லாரிடமும் சொன்னார். படகு ஓட்டியவரோ, தான்தான் தப்பாகத் திருப்பிவிட்டதாக நம்பினார். "இனி என்னை நம்பி யாரும் ஏற வேணாம்" என்று படகை விற்க ஏற்பாடு செய்தார்.

அன்று எடுத்த படத்துக்குப் பரிசு கிடைத்தது. தங்கை அதைச் சட்டம் போட்டுக் கட்டிலுக்கு எதிரே மாட்டினாள். நடுவில் திமிங்கிலத்தின் வால். வலது ஓரத்தில், நுனி வெளுத்து எழுந்து நிற்கும் அலை. அதைக் கவனித்த பிறகும் இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. அது என் வெட்கம்.

மூன்றாம் நாள் படக்காரரைச் சமையலறையில் வைத்துக் கேட்டேன். "அது அந்த அலைதானே?"

"ஆமாம்மா." அவர் தலை நிமிரவில்லை. "கத்தினா படகு திரும்பிடும், படம் போயிடும். வால் இறங்கட்டும்னு இருந்தேன்."

"இதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? படகு வாங்க நாளைக்கு ஆள் வருது."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா அவர்கிட்ட சொல்றது?"

"இருக்கிற மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான்."

உள்ளே போனார். நானும் போனேன்.

"என்ன மச்சான், பரிசு வாங்கினவர் சந்தையில தொலைஞ்ச புள்ள மாதிரி நிக்கிறீங்க?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

படக்காரர் சொல்லி முடித்தார். மற்றவர் படத்தின் ஓரத்தைப் பார்த்தார்.

"அலையைப் பாத்த பிறகு எத்தனை படம் எடுத்தீங்க?"

"பதினாலு."

"அம்மா, என்னைச் சுவர் பக்கம் திருப்பிவிடுங்க."

அதற்கு இரண்டு பேர் வேண்டும். "மரம் மாதிரி நிக்காதீங்க, காலைத் தாங்குங்க" என்றேன் படக்காரரிடம். தாங்கினார். முட்டிகளுக்கு நடுவே தலையணையைச் செருகினேன்.

சுவரைப் பார்த்தபடியே அவர் பேசினார். "நாளைக்கு அந்த ஆளை வர வேணாம்னு சொல்லிடுங்க. படகை நான் விக்கலை." பிறகு, "இனிமே பின்னால நீங்க உக்கார வேணாம் மச்சான். வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"சரி மாப்பிள்ளை" என்றார் படக்காரர்.