கடைசிப் பக்கத்துக் குடை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து தேயிலை பிரிக்கும் இயந்திரம் ஒன்று இலங்கை மலையகத்து வட்டகொடை ஸ்டேஷனில் வந்து இறங்கியது. எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்போம், நான் கொழுந்து உருட்டும் ரோலர் மெஷினில் நின்றேன். இருபத்து மூன்று வயது. பெட்டியை உடைத்தவர் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். இரும்பு அடிபடாமலிருக்க இடுக்குகளில் திணித்திருந்த காகிதமெல்லாம் அடுப்புக்குப் போனது. அட்டை கிழிந்த தடித்த புத்தகம் ஒன்றை மட்டும் அவர் சட்டைக்குள் சொருகிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் உட்கார்ந்து அதைத் திறந்தோம். முழுக்கப் படக்கதை. எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. நெட்டையன் ஒருவன், மெலிந்தவன் ஒருவன். மெலிந்தவனைப் பெண் என்றுதான் நினைத்தேன். சட்டை கிழிகிற பக்கம் வந்தபோதுதான் அவனும் ஆண் என்று தெரிந்தது. எங்களுக்குள்ளும் அப்படி ஒன்று இருந்ததை அன்றுதான் ஒப்புக்கொண்டோம். அதற்குப் பிறகும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கதை கொடூரமானது. எடுத்த எடுப்பில் நெட்டையன் மெலிந்தவனைப் பனியில் தள்ளிக் கழுத்தை நெரிக்கிறான். கண் செருகிவிட்டது. அடுத்த பக்கத்தில் அவன் உயிரோடு நிற்க, அப்பாடா, பிழைத்துக்கொண்டான் என்று நிம்மதியானேன். பிறகு பூட்டிய அறை, எரித்த கடிதம், கன்னத்தில் அடி, உதை. போகப் போக அடி குறைந்தது. கடைசிப் பக்கத்தில் மழை. ஒரே குடைக்குள் இருவரும் அப்போதுதான் பார்த்துக்கொண்டவர்கள்போலக் கூச்சத்தோடு நிற்கிறார்கள்.

“பாத்தியா, அடிச்சவன் திருந்திட்டான்,” என்றார் ஃபிட்டர்.

சில பக்கங்களில் எண் இருந்தது. அது இறங்கிக்கொண்டே போனது. ஜப்பான்காரன் அப்படித்தான் எண்ணுவான்போல என்று விட்டுவிட்டேன். அந்த வயதில் எதற்கும் ஒரு சமாதானம் என் கைவசம் இருந்தது.

கொழுந்து நிறுக்கிறவனோடு கொட்டகலைக்குப் படம் பார்க்கப் போனதற்காக ஃபிட்டரிடம் எனக்கு முதல் அறை விழுந்தது. அடுத்து பெல்ட். அவர் வரச்சொல்லி நான் போகாத ஒரு நாளுக்காக என் இடது கையைப் பலகையில் வைத்து அழுத்தி ஸ்பேனரால் அடித்தார். இரண்டு விரல் முறிந்தது.

“ரோலர்ல மாட்டிக்கிச்சுங்கய்யா,” என்று தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சர் ஐயாவிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுப்போட்டார்.

ஒவ்வொரு முறையும் அடித்து முடித்ததும் ஃபிட்டர் அழுவார். அழுதுவிட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து குடைப் பக்கத்தைத் திறப்பார். “நாமளும் இங்க வந்துருவோம்டா.” வீங்கிய வாயோடு நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில வாரம் அடி விழாவிட்டால் குடை தள்ளிப் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

அடுத்த வருஷம் அந்த இயந்திரம் பழுதாகி, அதைச் சரிசெய்ய ஒரு ஜப்பான்காரர் வந்தார். அவருக்கு டார்ச் பிடிக்க என்னை விட்டார்கள். ஸ்பேனர், சுத்தியல் வைக்கும் ஆயுத அலமாரியில் கிடந்த புத்தகத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்தது. சிரித்தார். நான் வழக்கம்போல் விரித்துக் காட்டினேன். அவர் இல்லையென்று தலையாட்டி, புத்தகத்தை வாங்கி மறுபக்கம் திருப்பி, அதுதான் முதல் பக்கம் என்பதுபோல் குடையில் விரல் வைத்தார். அங்கிருந்து எண்களைத் தொட்டுத் தொட்டு ஏறினார். கழுத்து நெரிக்கும் பக்கத்தோடு புத்தகம் முடிந்தது. மெலிந்தவன் பிழைக்கவே இல்லை.

ஃபிட்டர் தன் மேசையில் கை துடைத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன்.

“தெரியும்,” என்றார்.

“எப்பருந்து?”

“மொத நாளே. மெசின்காரன் நம்பர் பாக்காம இருப்பானா?”

“அப்புறம் ஏண்ணே சொல்லல?”

“அப்பிடி வாசிச்சாத்தானே நீ எங்கூட இருப்ப.”

மேசைமேல் அந்த ஸ்பேனர் கிடந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். எடுத்தது நான். ஓங்கி அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. மறுபடி ஓங்கினேன். “வலிக்குதுடா,” என்று அவர் கீழே உட்கார்ந்த பிறகுதான் கை இறங்கியது.

நானே அவரை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன்.

“என்னாச்சு?” என்றார் டிஸ்பென்சர் ஐயா.

ஃபிட்டர் என்னைப் பார்க்கவில்லை. “ரோலர்ல மாட்டிக்கிச்சுங்கய்யா.”

என் பொய்யை அவர் வாயால், எனக்காகச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குள் பொங்கியது சந்தோஷம். குடைக்குள் வந்துவிட்டோம் என்றே ஒரு கணம் நினைத்தேன். அந்தச் சந்தோஷத்துக்குப் பயந்ததுபோல் அவர் அடித்த எந்த அடிக்கும் நான் பயந்ததில்லை. கட்டுப் போட்டு முடிக்கும் முன்பே வெளியே வந்து, மாற்றுத் துணிகூட எடுக்காமல், வட்டகொடையில் ரயில் ஏறினேன்.