பேச்சைக் கூட்டும் சவுண்ட்பார்

இன்று என் கடைக்கு ஒரு கம்பனி ஏஜண்ட், டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார் கொண்டுவந்தார். டிவியில் இசையைக் குறைத்து, பேச்சை மட்டும் கூட்டிக் கேட்கலாமாம்.

சாமான் வாங்க கிரான் ஊரிலிருந்து வந்து பக்கத்தில் நின்ற அக்கா திரும்பினார். "எங்கட இவருக்குக் காது மந்தம் தம்பி. நியூஸுக்குச் சத்தம் கூட்டினா அயல்சனம் ஏசுது. எனக்கு ஒண்டு தாங்க."

நான் ஏஜண்டிடம், "நம்மட தமிழ்ச் சனலுக்கு இது வேலை செய்யுமா?" என்றேன்.

"சனல்காரர் பேச்சைத் தனியா அனுப்பினா செய்யும் அண்ணன்."

"அனுப்புறாங்களா?"

குரலைத் தாழ்த்தினார். "இன்னும் இல்ல. அத அவவுக்குச் சொல்லத் தேவல்லதானே."

"என்னகா கதைக்கிறாய்? நீ கொழும்புக்குப் போயிருவாய். அவ வந்து ஏசப்போறது என்னைத்தான். தூக்கு பெட்டிய!"

அக்கா வெறுங்கையோடு போனார்.

விளம்பரத்தை மட்டும் ஊருக்கே கேட்கும்படி அனுப்பும் சனல்காரர் யாரையாவது தெரிந்தால், கீழே டேக் பண்ணுங்கள்.