கதவுக் கீல்

இன்று மெக்கானிக் என் கார் கதவுக்குக் கிரீஸ் தடவியபோது வந்த வாசத்தில், துறைமுகச் சாலையில் இப்போது கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் முன்பிருந்த அந்தோணி அண்ணாச்சியின் தகரக் கொட்டகைப் பட்டறை நினைவுக்கு வந்தது. உப்புக்காற்றில் கீல் அரித்துத் தொங்கிய எங்கள் பழைய பிக்கப்பின் கதவு, புன்னைக்காயல் வளைவில் தானாகத் திறந்து, அம்மா விழுந்து இறந்துபோன மறுவாரம், அப்பா சிறுமியான என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை அங்கே கொண்டுபோனார். கதவை ஜாக்கியில் தாங்கிப் புதுக் கீல் போட்டு, சுற்றிலும் இடைவெளி ஒன்றுபோல் வரும்வரை அண்ணாச்சி போல்ட்டைத் தளர்த்துவதும் முறுக்குவதுமாக இருந்தார். எனக்கு அழுகை வரவில்லை.

“இனி அது தானா திறக்காது, தம்பி” என்றார் அண்ணாச்சி, அப்பாவிடம்.

அப்பா கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். பிறகு என்னிடம், “ஏளா, ஏறு” என்றார். அம்மாவின் ஜன்னலோர இடத்தை விட்டுவிட்டு, வழக்கம்போல் நடுவில் உட்கார்ந்தேன்.