வாசலில் கிடந்த செருப்புகள்

பிரவுசிங் சென்டர் நடத்துகிறவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, செருப்பு தெரிய வேண்டும். ஏ.சி. அறைக்குத் தூசி ஆகாது என்று எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். குமரி மாவட்டம் குலசேகரத்தில் அப்படிச் செருப்பைப் பார்த்தே உள்ளே யார் என்று சொல்லிக் காலம் தள்ளியவன் நான். பிள்ளையைப் பெற்று நெட்டுக்குப் பறிகொடுத்தவர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆஜர்

சஜின் பிளஸ் டூ படித்தான். பள்ளிக்கூட நேரத்தில் யூனிபார்மோடு வந்து மூலை கேபினில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவான். கேட்டால் லீவு என்பான். ஒருநாள் ரோட்டில் போன அவனுடைய கணக்கு வாத்தியார் பைக்கை நிறுத்தினார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை, வாசலில் நின்றே கத்தினார்: "ஏலே சஜினு, செருப்பு ஆஜர் சொல்லியாச்சு, இனி நீயும் எறங்கி வா!"

மரச்சீனி

அதன்பிறகு செருப்பைப் புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தான். பாடமெல்லாம் நெட்டில்தான் இருக்கிறது என்று அம்மாவை நம்பவைத்திருந்தான். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள் அவள். வேலை முடிந்ததும் அவித்த மரச்சீனிக் கிழங்கை டப்பாவில் கொண்டுவருவாள். ஹெட்போன் மாட்டியவன் திரும்பவே மாட்டான். அவன் விளையாடுகிறான் என்று ஒருமுறை சொல்லி, அவனைக் கூப்பிடவும் போனேன். திரையில் ஓடிய எழுத்தைக் காட்டி என்னையே அடக்கினாள்: "வெளையாட்டுக்கு எதுக்கு அண்ணே இங்கிலீசு? எனக்க மவன் படிக்கட்டு, விளிக்காதீங்க."

வெள்ளிக்கிழமை

அப்பாவுக்கு வளைகுடாவில் வேலை. வெள்ளிக்கிழமை லீவில் வெப்கேமில் வருவார். பாதித் திரையில் அப்பா, மீதியில் சண்டை. எதைக் கேட்டாலும் "ம்"தான் பதில். ஒருநாள் ஹெட்போன் பழுதாகி ஸ்பீக்கரில் கடை முழுக்கக் கேட்டது. வருஷக் கணக்கில் மகனைத் தொட்டுப் பார்க்காத மனுஷன், அவன் உடம்புக்கு ஏதோ என்று பயந்து கெஞ்சினார்: "மக்கா, அப்பாவுக்க மொகத்த ஒருக்கா நேர பாரு. கண்ணு எங்கயோ போவுதே, வல்ல சொகக்கேடும் உண்டுமா?"

ரிசல்ட்

ரிசல்ட் பார்க்க வந்த கூட்டமெல்லாம் கலைந்தபிறகு அம்மா வந்தாள். மகனை இன்ஜினியரிங் சேர்க்கத்தான் அத்தனை மரத்திலும் பால் வெட்டினாள். நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். கணக்கும் பிசிக்ஸும் போயிருந்தன. திரையை அவள் பக்கம் திருப்பி, இரண்டிலும் பெயில் என்று சொன்னேன்.

அவன் காலையிலேயே பார்த்துவிட்டு, அதே நாற்காலியில் விளையாட்டைத் திறந்தவன். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அம்மா வந்ததுகூடத் தெரியவில்லை. அவள் கேபின் பக்கம் எட்டிப் பார்த்தாள். அழவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்: "தோத்த பெறவும் எழும்பாம இருந்து படிக்கியானே அண்ணே, பின்ன எப்பிடி தோத்தான்?"

செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவன் என்று பெருமையடித்தேனே, மகன் செருப்பு பைக்குள் இருக்க, அன்று என் கடை வாசலில் கிடந்தது ரப்பர் பால் உறைந்த அந்த அம்மாவின் செருப்பு மட்டும்தான்.