முதுகில் ஏறிய அப்பாவின் பெயர்

சூரிச்சில் நான் முதன்முதலாகப் போட்ட அமெரிக்கக் கால்பந்துச் சட்டை வேறு யாரோ ஒருவனுடையது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் போட்டு உழக்கிக் கழித்துவிட்ட சட்டைகளை ஒரு புண்ணியவான் பெட்டியில் அடைத்து அனுப்பியிருந்தான். தடித்த பருத்தி. கை முழங்கையையும் தாண்டி வரும், அந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நனைந்த சாக்கைப் போர்த்துக்கொண்டு ஓடுகிற மாதிரி இருக்கும். சூரிச்சில் எப்போதுதான் மழை பெய்யவில்லை?

அந்தச் சட்டையில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அதில் பெயர் இல்லை. முன்னும் பின்னும் இலக்கம் மட்டும் துணியில் வெட்டித் தைத்திருந்தது. எவன் பார்த்தாலும் நான் ஓர் இலக்கம், அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. லாங்ஸ்ட்ராஸ வீதிக்குப் பின்னால் ஒரு ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே சமையல்காரனாக இருந்த சுவிஸ்காரன்தான் அந்தச் சட்டைகள் வந்துசேர்ந்த அணிக்குத் தலைவன். ஒருநாள் நான் ட்ராமைத் துரத்திப் பிடித்ததைப் பார்த்துவிட்டான். ஆள் பற்றாமல் அலைந்துகொண்டிருந்தவனுக்கு அது போதும். பந்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடவேண்டும், அதுதான் என் வேலை என்றான். கையில் கொண்டு ஓடுவதற்கு ஏன் கால்பந்து என்று பெயர் என்று இன்றுவரை ஒருவரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை.

என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை எங்கள் ஊர்தான், அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. தோள்கவசத்தைக் கட்டி, மேலே சட்டையைப் போட்டு நான் முதல்நாள் அவருக்கு முன்னால் நின்றபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கோதாரி விழ, உதென்னடா கோலம்? சூரன்போருக்குச் சூரனைக் காவிக்கொண்டு போற மாதிரியெல்லோ கிடக்கு!"

சிரிக்கட்டும். நான் அங்கே போனதற்கு வேறு காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் சும்மா கிடந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும்.

நான் சுவிஸுக்கு வந்த அடுத்த மாரியில், ஊரில் ஆமி நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி, சாக்கால் முகத்தை மூடிய ஒருவனுக்கு முன்னால் நடக்கவிட்டார்களாம். தலையாட்டி என்போம். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் வண்டியில் ஏறவேண்டியதுதான். அப்பாவுக்கு அவன் தலையாட்டினான். ஏன் என்று அவனுக்கும் தெரிந்திருக்காது. அன்றிலிருந்து அப்பா இருக்கிறாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. அம்மா ஒவ்வொரு முகாம் வாசலாக அலைந்தார்.

அதனால்தான் சமையல்காரன் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, கம்பிக்குள் கண்கள் மட்டும் தெரிய என் முன்னால் வந்து நின்ற முதல்நாள் நான் சுவரோடு பின்வாங்கினேன். அவன் தலையை ஆட்டி வா என்றான். நான் போகவில்லை. கழற்று, கழற்று என்று கத்தினேன். அவன் கழற்றிவிட்டுப் பேயைப் பார்த்தவன் போல என்னைப் பார்த்தான்.

நல்லவன்தான், ஆனால் வாய் ஓயாது. உருளைக்கிழங்கு சீவியபடியே அமெரிக்கச் சஞ்சிகைகளை விரித்துக் காட்டுவான். முதலில் கம்பளிச் சட்டையும் தோல் தொப்பியுமாம், முகத்துக்கு ஒரு காவலும் இல்லை. பிறகு பிளாஸ்டிக் கவசம், அதில் ஒற்றைக் கம்பி, பிறகு கூடு. எதிராளி பிடித்து இழுக்கிறான் என்று சட்டையின் கை வரவரக் கட்டையானது. பிடித்தால் கையோடு கிழிந்து வருகிற சட்டைகூட ஒரு காலம் தைத்தார்களாம், பிறகு அதைத் தடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சி வந்த பின்னர்தான் முதுகில் பெயரும் வந்தது என்றான். பார்க்கிறவனுக்கு எவன் ஓடுகிறான் என்று தெரியவேண்டாமா?

எங்கள் ஊரில் யாரென்று தெரியாமல் இருந்தால்தான் உயிர் தப்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் ஜெர்மன் அவ்வளவு தூரம் போகாது.

இரண்டாம் வருடம் பருத்தி போய் நைலோன் வந்தது. உடம்பெல்லாம் ஓட்டை. பாரமில்லை, தண்ணீர் நிற்காது. ஆனால் குளிர் எலும்பில் போய்க் குந்திக்கொண்டது. "உதென்ன, நெத்தலி பிடிக்கிற வலையோ?" என்றார் அண்ணை. அவர் பகிடிகளில் நல்ல பகிடி அதுதான். அந்த வருடம் அம்மா தெற்கே ஒரு முகாமுக்குப் போய்வந்தார்.

ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் மனைவி கணவனின் பெயரைச் சொல்லமாட்டாள். அம்மா அப்பாவை "இஞ்சாருங்கோ" என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களிடம் பேசினால் "இவர்", "பிள்ளையளின்ரை தேப்பன்". பங்கீட்டு அரிசி வாங்கும் கூப்பன் கடையில் பெயர் கேட்டால் என்னை இடித்து, நீ சொல்லு என்பார். அப்படிப்பட்டவர் முகாம் வாசலில் நின்று, தன் வயதில் பாதி வயதுப் பெடியன் ஒருவனிடம் அந்தப் பெயரைச் சொல்லவேண்டி வந்தது. காது கேட்கவில்லை, பெலத்துச் சொல் என்றானாம். பெலத்துச் சொன்னாராம். உள்ளே போய்வந்து, அப்படிப் பெயருள்ள ஒருத்தரும் இங்கே இல்லை, இருந்ததுமில்லை என்றானாம்.

"வாய் கூசிப்போச்சு மோனை," என்றார் அம்மா ரெலிபோனில். "வாழ்நாளிலை சொல்லாத பேரைச் சொன்னன். அப்பிடி ஒரு ஆளே இல்லையாம்."

மூன்றாம் வருடம் புதிய சட்டை வந்தது. சமையல்காரன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தான். என்னுடையதை விரித்தேன். உச்சி விறைத்துவிட்டது. தோளுக்குக் கீழே, முதுகுக்குக் குறுக்கே, ஒரு துணிப்பட்டியில் வெள்ளை எழுத்தில் அப்பாவின் பெயர்.

நாங்கள் எல்லோரும் விட்ட பிழைதான் இது. வந்திறங்கியபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கேது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைச் சொன்னோம். அவுஸ்வைஸ் என்ற அடையாள அட்டையில் அதுவே ஏறிவிட்டது. பொலிஸிலும் ரெஸ்ரோறண்டிலும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள், நானும் ஓம் என்று போய் நின்றேன். அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் முதுகில் எழுதியிருந்ததைக் கண்டபோது பழகவில்லை.

"இது என் பெயர் இல்லை, அப்பாவின் பெயர்," என்றேன்.

"என் முதுகில் இருப்பதும் என் அப்பாவின் பெயர்தான்," என்றான் சமையல்காரன். அவனிடம் போய் எதை விளங்கப்படுத்த?

அண்ணையிடம் காட்டினேன். "அடேய், தேப்பன்ரை பேரைக் கொண்டுபோய்ச் சேத்துக்குள்ளை உருட்டப்போறியோ?" என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேத்திலை அடுப்பில் வைத்தார். பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

முதல் ஆட்டத்தில் நான் ஓடவே விரும்பவில்லை. மைதானத்து ஒலிபெருக்கியில் ஒருவன் ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லிக்கொண்டிருந்தான். பந்து என் கைக்கு வந்தது. எதிரணித் தடியன் ஒருவன் வந்து இடித்து என்னைச் சேற்றில் புதைத்தான். அப்பாவின் பெயரைச் சொல்லி, விழுந்துவிட்டார் என்றது ஒலிபெருக்கி. ஐயோ என்றிருந்தது. எழும்பவே மனமில்லாமல் கிடந்தேன்.

அப்போதுதான் அது கேட்டது. வேலியோரம் குடைகளோடு நின்ற சனம் "ஹொப்! ஹொப்!" என்று கத்தியது. ஹொப் என்ற பிறகு அப்பாவின் பெயர். எழும்பு என்று கூப்பிடுகிறார்கள். வாயில் நுழையாத பெயரை மூன்று துண்டாக உடைத்து, தப்பும் தவறுமாக, தொண்டை கிழியக் கூப்பிடுகிறார்கள். அங்கே ஒருவன் அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறான். இங்கே முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி குடையை ஆட்டி ஆட்டி அந்த ஆளைக் கூப்பிடுகிறாள். நான் எழும்பினேன். கவசத்துக்குள் அழுதுகொண்டுதான் எழும்பினேன். கம்பிக்குள் யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தப் பருவம் முழுக்க வெறி பிடித்தவன் போல ஓடினேன். வென்றோமா தோற்றோமா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. பந்து வந்தால் பெயர் சொல்வார்கள். கூப்பிடக் கூப்பிட அப்பா எங்கேயோ இருக்கிறார் என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. சட்டையை அணிக்காரர்களின் மெஷினில் போட விடவில்லை. அறைக்குக் கொண்டுவந்து கையால் கழுவினேன். பட்டியில் ஏறிய சேறு முழுதாகப் போகவில்லை.

பருவம் முடிந்ததும் சமையல்காரன் பல்லெல்லாம் தெரிய வந்தான். கம்பளம் விற்கும் கடை ஒன்று பணம் போடுகிறதாம். வரும் வருடம் பெயர்ப்பட்டி இருக்கும் இடத்தில் கடையின் பெயர் வரும். பழைய சட்டைகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

"உனக்குச் சந்தோஷம்தானே? உனக்குத்தான் அந்தப் பெயர் பிடிக்காதே!" என்று முதுகில் தட்டினான்.

அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எனக்குத்தான் அவனைக் கொன்றால் என்ன என்று வந்தது. அன்று பின்னேரம் பிளேட் எடுத்துத் தையலை ஒவ்வொன்றாக அறுத்து, பட்டியைக் கழற்றிக்கொண்டு சட்டையை மட்டும் கொடுத்தேன். ஊசி போன ஓட்டைகள் முதுகில் வரிசையாகத் தெரிந்தன. அவன் அவற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டையை மடித்துப் பெட்டியில் போட்டான்.

அந்த மாரியில்தான் செய்தி வந்தது. முகாமிலிருந்து வெளியே வந்த ஒருவர் அம்மாவைத் தேடி வந்து சொல்லியிருக்கிறார். அப்பா பிடிபட்ட பிறகு வந்த முதல் தைப்பொங்கலுக்கு முன்னரே செத்துப்போய்விட்டாராம். எந்த நாள் என்று அவருக்கும் தெரியவில்லை. அதாவது, நான் அந்தப் பருத்திச் சட்டையைப் போடுவதற்கு முன்பே. அம்மா வாசலில் நின்று பெலத்துச் சொன்னபோது, சனம் குடையோடு நின்று கூப்பிட்டபோது, ஒருவரும் இல்லை.

திதி தெரியாமல் என்ன செய்ய? அறையில் அப்பாவின் படம்கூட இல்லை. வந்த வழியில் எல்லாம் தொலைந்துவிட்டது. அண்ணை பெயர்ப்பட்டியை எடுத்து, ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டு, மேசையில் விரித்து அதன் முன்னால் விளக்கை வைத்தார். என்னைப் பகிடி பண்ணிய மனிதர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அம்மா கொழும்புக்கு வந்திருந்தார். தபால் கந்தோர் ரெலிபோன் பெட்டியில் நின்று கதைத்தேன். கண்ணாடிக்கு வெளியே சனம் வரிசையில் நின்றது. பட்டிக்கு முன்னால் விளக்கு வைத்ததைச் சொன்னேன். பட்டி எது என்றார். அப்போதுதான் முதன்முறையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா ஒன்றொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

"வெள்ளைக்காரரோ கூப்பிட்டவை?"

"ஓம் அம்மா."

"பெலத்தோ?"

"பெலத்துத்தான் அம்மா."

"எப்பிடிக் கூப்பிட்டவை? ஒருக்காக் கூப்பிட்டுக் காட்டு."

பிள்ளை வாயால் அப்பாவின் பெயரைக் கூப்பிடுவதா? நான் மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றார். பிறகு எனக்கு வெட்கம் விட்டுப்போயிற்று. ஹொப் என்று தொடங்கி, அந்தக் கிழவி கூப்பிட்டது போலவே மூன்று துண்டாக, தொண்டை கிழியக் கூப்பிட்டேன். கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கொழும்பில் அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னொருக்கா," என்றார்.